ஜான்சியிடம் திரும்பாத பந்து

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இளமதி முதலில் சிரிக்கத்தான் செய்தாள். ஜான்சி எறிந்த பந்தைக் குந்திய வாக்கிலேயே கையுறையில் வாங்கி, எழுந்து, எப்போதும் செய்வதுபோல அவளிடமே திருப்பிப் போட்டாள். பந்து போய்ச் சேரவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்துப் புழுதியில் குத்தி, உருண்டு, ஜான்சியின் காலுக்கு நாலடி முன்னால் நின்றது.

"தூக்கமா மதி?" என்று கேட்டுக்கொண்டே ஜான்சி குனிந்து எடுத்தாள்.

அடுத்ததை இளமதி கொஞ்சம் அழுத்திப் போட்டாள். அது ஜான்சி எம்பியும் எட்டாத உயரத்தில் பறந்து, செகண்ட் பேஸையும் தாண்டி, அந்தப் பக்கம் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர்களின் நடுவில் போய் விழுந்தது. அவர்கள் கை தட்டினார்கள். இளமதியும் சிரித்தாள். மூன்றாவது பந்து ஜான்சிக்கு வலப்பக்கம் ஆறடி தள்ளிப் போனது. நாலாவது, விரல்களை விட்டு எப்போது கிளம்பியது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். பிட்சர் எறிவாள். மட்டை பிடித்தவள் அடிக்காமல் விட்டால், பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் அதைப் பிடித்துப் பிட்சரிடம் திருப்பிப் போட வேண்டும். பதினெட்டு மீட்டர் தூரம். ஓர் ஆட்டத்தில் நூறு தடவையாவது நடக்கும். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. பார்க்க வந்தவர்கள் அந்த நேரத்தில்தான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். கேட்சருக்கு உண்மையிலேயே கஷ்டமான எறி வேறு. எதிரணிக்காரி, தொட்டு நிற்க வேண்டிய முதல் பேஸை விட்டு, பிட்சர் எறியும் சமயம் பார்த்து இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடும்போது, பந்தை வாங்கிய கையோடு எழுந்து முப்பத்தெட்டு மீட்டருக்கு மேல் எறிய வேண்டும். அன்றைக்கே இளமதி அதைப் பத்துத் தடவை எறிந்தாள். பத்தும் செகண்ட் பேஸில் முழங்கால் உயரத்தில் போய் இறங்கின. அது முடிந்து ஜான்சியிடம் ஒரு பந்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், மறுபடியும் புழுதி.

பயிற்சியைப் பார்த்துக்கொள்கிற அன்பரசு கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "வெயிலு. அதான்," என்றான். மணி ஏழரைகூட ஆகவில்லை.

இளமதிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. குமராட்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்க வேண்டிய ஊரில் பிறந்தவள். அப்பாவுக்கு நெல் விவசாயம். வேதியியல் படிக்கச் சிதம்பரம் வந்தவள், கோகோ தேர்வுக்கு என்று மைதானத்துக்குப் போனாள். கோகோவில் எடுக்கவில்லை. பக்கத்துத் திடலில் பேஸ்பால் அணிக்குப் பெண்கள் போதாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்கள்ல யாரால ஜாஸ்தி நேரம் குந்தி உக்கார முடியும்?" என்று கேட்டார்கள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் காலை உதறிக்கொண்டு எழுந்தார்கள். இளமதி நாற்பது நிமிடம் உட்கார்ந்தாள். அப்படித்தான் கேட்சர் ஆனாள்.

அந்த இடம் அவளுக்குப் பிடித்துப்போனது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, கேட்சர் ஒருத்தி மட்டும் அவர்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். யாருக்குப் பயம், யாருக்குத் தூக்கம், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஜான்சி அப்போதிருந்தே அவளுடைய பிட்சர். ஜான்சி இப்போது கடலூர் முதுநகரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். இளமதி குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் தரம் பார்க்கிற லேபில் வேலை செய்கிறாள். குடியிருப்பது சிதம்பரத்தில். கணவன் தேவநாதன் அவளுக்குத் தூரத்து அத்தை மகன். குமராட்சிக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடுகிற மினிபஸ்ஸின் டிரைவர். அவனை அவள் கல்யாணத்துக்கு முன்பும் மாமா என்றுதான் கூப்பிட்டாள், இப்போதும் அப்படித்தான்.

மகள் கயல் பிறந்தபிறகு மூன்று வருடம் இளமதி பந்தைத் தொடவில்லை. மாவட்டப் பெண்கள் அணியை மறுபடியும் சேர்க்கிறோம், வா என்று ஜான்சி கூப்பிட்டபோது போனாள். செகண்ட் பேஸுக்கு எறிந்த பந்து இரண்டு முறை தரையில் குத்திப் போனது. குந்தி எழுந்தால் முழங்கால் கடகடவென்றது. அன்பரசு பண்ருட்டியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். கல்லூரியில் இவர்களுக்கு ஒரு வருடம் மூத்தவன். "மூணு மாசம் குடு எனக்கு. உன்னிய பழைய ஆளா ஆக்கிக் காட்டறேன்," என்றான். ஜனவரி பிறந்ததும் ஒரு பயிற்சி அட்டவணையை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். இளமதி அதைப் பீரோ கதவில் ஒட்டினாள்.

அந்த மூன்று மாதமும் வீடு வேறு மாதிரி ஆனது. காலை ஐந்தரைக்கு முதுகில் மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குந்தி எழுவாள். முப்பது ஆனதும் ஒரு காலை முன்வைத்து மடக்கி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் போய் வருவாள். ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி, தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். விடுவதுதான் முக்கியம் என்று அன்பரசு அடிக்கோடு போட்டிருந்தான். பழைய வாலிபாலுக்குள் மணலை அடைத்துத் தைத்து, இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் சுவரில் அடிப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுப் போனார். விரல் பலத்துக்கு, அரிசிக்குள் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு ஐம்பது தடவை விரித்து மூட வேண்டும். மாமியார் தில்லையம்மாளுக்கு அதுதான் புரியவில்லை.

"என்னாம்மா தேடற அரிசியில?"

"ஒண்ணும் தேடல அத்தே. எக்சர்சைஸ்."

"கல்லு கெடந்தா எடுத்துப் போட்டுடு. அப்படியே ஆவட்டும்."

பலன் இல்லாமல் போகவில்லை. லேபில் இருபத்தைந்து லிட்டர் கேனை நகர்த்த ஆளைக் கூப்பிடுவதை அவள் நிறுத்தினாள். கயலைத் தூக்கினால் கயல் பஞ்சுபோல இருந்தாள். செகண்ட் பேஸுக்கு எறியும் நேரத்தை அன்பரசு தன் போனில் அளந்து வைத்திருந்தான்: ஜனவரியில் இரண்டே முக்கால் நொடிக்கு மேல், ஏப்ரலில் இரண்டரைக்கும் கீழே. அவள் கல்லூரியில் எறிந்ததைவிட இது வேகம். பழைய ஆளாக ஆக்குகிறேன் என்றவன் புது ஆளாக ஆக்கியிருந்தான்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. அன்பரசு அவளுடைய எறியைப் போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தான். "முழங்கை எறங்குது. முழங்கைய ஏத்து," என்றான். ஏற்றினாள். பந்து வானத்துக்குப் போனது. ஜான்சி, "கட்ட விரல இடுக்கிப் புடிக்கற மாதிரி தெரியுது," என்றாள். விரலைத் தளர்த்தினாள். பந்து கைக்குப் பின்னாலேயே நழுவி விழுந்தது. யூடியூபில் ஒருவர் இடது காலை இலக்கைப் பார்த்து வைக்கச் சொன்னார். இன்னொருவர், காலை மறந்துவிடு, மூச்சை விடு என்றார். மூன்றாமவர் எதையும் நினைக்காதே என்றார். எதையும் நினைக்காமல் இருக்க வேண்டும் என்று இளமதி நினைத்துக்கொண்டே எறிந்தாள்.

ஜூன் மாதத்துக்குள் அவளிடம் எட்டு யோசனைகள் சேர்ந்திருந்தன. பந்தைக் கையில் எடுத்ததும் எட்டும் ஒன்றாக வந்து நிற்கும். முழங்கை, கட்டை விரல், இடது கால், மூச்சு. எதை முதலில் பார்ப்பது என்று அவள் யோசிக்கும்போதே, மூன்று மாதம் பழக்கிய அந்தக் கை தானாக எதையோ செய்துவிடும்.

சிதம்பரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் காட்டினாள். அவர் கையைத் தூக்கச் சொன்னார், திருப்பச் சொன்னார், தன் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னார். தள்ளியதில் அவருடைய நாற்காலி நகர்ந்தது.

"வலி இருக்கா?"

"இல்ல சார்."

"எங்க எறிஞ்சா வரல?"

"பக்கத்துல சார். தூரமா எறிஞ்சா வருது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "தோள் நல்லா இருக்கும்மா. என் தோளைவிட நல்லா இருக்கு," என்று சொல்லி அனுப்பிவிட்டார். நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்கு நடந்தாள்.

தேவநாதனுக்குப் பேஸ்பால் தெரியாது. ஆனால் வண்டியில் சத்தம் கேட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத்தான் அவனுக்குப் பழக்கம். ஒரு சாயங்காலம், ஐந்து மணி நடைக்கும் ஆறரை நடைக்கும் நடுவில் மினிபஸ் நிற்கிற திடலுக்கு அவளை வரச் சொன்னான். பதினெட்டு மீட்டரை அடி வைத்து அளந்து, ஜான்சியின் பழைய கையுறையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"போடு."

போட்டாள். நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. இன்னொன்று போட்டாள். அதுவும் வந்தது. இருபது பந்து, ஒன்றும் தப்பவில்லை. இளமதிக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி ஆயிட்ச்சி," என்றான் தேவநாதன்.

ஞாயிற்றுக்கிழமை ஜான்சியிடம் போட்டாள். புழுதி.

"அப்ப கோளாறு ஜான்சிகிட்ட," என்றான் அவன். அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு மைதானத்துக்கே வந்து, ஜான்சியை விலக்கிவிட்டு பிட்சர் நிற்கும் மேட்டில் தானே நின்றான். பந்து அவன் காதோரம் பறந்து போனது. மேட்டை விட்டு இறங்கி இரண்டடி தள்ளி நின்றான். அப்போது சரியாக வந்தது. மறுபடி மேட்டில் ஏறினான். வரவில்லை. ஜான்சியை மேட்டை விட்டு இறக்கி நிற்க வைத்தான். முதல் பந்து வந்தது; இரண்டாவது வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, "இது வண்டி இல்ல," என்றான்.

அதோடு அவன் விட்டுவிடவில்லை. ஜூலையில் ஊருக்குப் போனபோது நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நாற்று முடிகள் கிடந்தன. சின்ன வயதில் அவள் வரப்பில் நின்று, நடுகிற பெண்களுக்கு முன்னால் ஒவ்வொரு முடியாக வீசிப் போட்டவள். அதைச் செய்து பார்க்கச் சொன்னான். வீசினாள். எந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்த இடத்தில் சேற்றில் நின்றது. எத்தனை வீசினாலும் அப்படியே. அங்கேயே வரப்பில் நின்று, நாற்றுக்குப் பதில் பந்தைக் கொடுத்து வீசச் சொன்னான். அதுவும் சொன்ன இடத்தில் விழுந்தது. பந்தைச் சேற்றிலிருந்து தேடி எடுக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. மைதானத்துக்குத் திரும்பியபோது எதுவும் மாறியிருக்கவில்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் அந்த ஓர் இடத்தில் மட்டும் செய்ய மாட்டேன் என்கிறது. கை தன்னுடையதுதானா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நடுவில் இன்னொரு பேச்சும் வந்தது. மே மாதம் ஒரு பயிற்சியில், ஜான்சி முகத்தைத் துடைக்கத் திரும்பியிருந்த நேரத்தில் இளமதி திருப்பிப் போட்ட பந்து அவள் வாயில் பட்டு, முன்பல்லின் நுனி உடைந்துவிட்டது. பல் டாக்டர் ஒட்டிவிட்டார். ஜான்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றபோது இளமதிதான் கேட்டாள்.

"ஒம் பல்லு ஒடஞ்சிதே, அதனாலதான் எனக்கு இப்டி ஆயிட்ச்சோ?"

"எதனால?"

"பயம். மறுபடியும் ஒம்மேல பட்டுடுமோன்னு."

ஜான்சி யோசித்தாள். "இல்லடி. பல்லு ஒடஞ்சது அப்பறம். அன்னிக்கே நீ கன்னாபின்னான்னுதான போட்டுக்கினு இருந்த. அதான் வாயில பட்டுச்சி."

"இல்ல. பல்லுதான் முன்னாடி."

"முன்னாடி நடந்தது, வாலிபால்காரங்க கை தட்டுனாங்களே, அதுதான்."

"அது பல்லுக்கு அப்பறம் வந்த ஞாயித்துக்கெழமை."

இரண்டு பேருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. பல் டாக்டரின் சீட்டைத் தேடிப் பார்க்கலாம் என்றாள் ஜான்சி. அது கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எம்மேல எதுனா கோவம் இருக்குதா மதி உனக்கு?"

"சே. என்னாடி பேசற."

சொல்லிவிட்டாளே ஒழிய, குடிகாடு வரைக்கும், அதைத் தாண்டி சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. தெரியாமல் ஒரு கோபம் இருக்குமோ? பன்னிரண்டு வருடச் சிநேகிதத்தில் எத்தனையோ நடந்திருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் ஒரு பந்தைத் தரையில் குத்த வைக்கிற அளவுக்குப் பெரிதாக இல்லை.

ஆகஸ்டில் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி சிதம்பரத்திலேயே நடந்தது. மாற்று கேட்சராக இருந்த பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டதால், இளமதியை விட்டால் ஆள் இல்லை. முதல் லீக் ஆட்டம் சேலத்துப் பெண்களோடு. பேஸில் யாரும் இல்லாதபோது இளமதி பந்தைத் தரையோடு உருட்டிவிட்டாள். யாராவது இருந்தால், பந்து உருளுகிற நேரத்தில் ஓடிவிடுவார்கள் என்று நடுவரிடம் டைம் கேட்டு, நடந்து போய் ஜான்சியின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். நாலைந்து தடவை நடுவர் பொறுத்துக்கொண்டார். ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பக்கமும் நாலு நாலு ஓட்டம். சேலத்துப் பெண் ஒருத்தி மூன்றாவது பேஸில் நின்றாள். இளமதி மறுபடி கையைத் தூக்கினாள்.

"கேட்சர், ஒவ்வொரு பந்துக்கும் டைம் தர முடியாது," என்றார் நடுவர். "எறிஞ்சி ஆடு."

எறிந்தாள். ஜான்சியின் இடது தோளுக்கு மேலே அது போவதை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள். சேலத்துப் பெண் அவசரப்படக்கூட இல்லை. ஓடி வந்து ஹோம் பேஸைத் தொட்டு ஓட்டத்தை எடுத்துவிட்டு, போகிற போக்கில் இளமதியின் முதுகில் ஆறுதலாகத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஐந்துக்கு நாலு என்று தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கால் கவசத்தைக் கழற்றினாள். தேவநாதன் கயலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, நான் வந்துடறேன். போதும்."

"வந்துடு," என்றான் அவன். கயலை மடியிலிருந்து இறக்கிவிட்டு, "சாயங்கால மேட்ச்சுல யாரு குந்துவாங்க?" என்று கேட்டான். அவள் கழற்றிய கவசத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது பேஸில் நிற்கிற அமிர்தம் அந்தப் பக்கமாகத் தண்ணீர் பிடிக்கப் போனாள். பண்ருட்டிக்குப் பக்கத்தில் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். இரண்டு பேரையும் பார்த்து நின்றாள்.

"எனக்குப் போட்டா வருதா உனக்கு?"

"வருது. அது தூரம்தான."

"அப்ப எங்கிட்ட போடு. நான் ஜான்சிகிட்ட குடுக்கறேன்."

அன்பரசுவிடம் போய்ச் சொன்னார்கள். மூன்று மாதமாக முழங்கையையும் கட்டை விரலையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இது தோன்றவே இல்லை. விதியில் இடம் இருக்கிறதா என்று நடுவரிடம் கேட்டுவிட்டு வந்தான். இருக்கிறது என்றார், நேரத்தை மட்டும் வீணாக்கக் கூடாது.

சாயங்கால ஆட்டம் தஞ்சாவூரோடு. இளமதி பந்தை வாங்கி, எழுந்து, நேர் எதிரே நிற்கும் ஜான்சியை விட்டுவிட்டு மூன்றாவது பேஸுக்கு எறிந்தாள். அமிர்தம் வாங்கி ஜான்சியிடம் கொடுத்தாள். முதலில் யாருக்கும் புரியவில்லை. நாலாவது தடவை வேடிக்கை பார்க்க வந்த மாணவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர்ப் பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி எதையோ சொன்னார்கள். காலை ஆட்டத்தை அவர்கள் பார்த்திருந்தார்கள். நெருக்கடியில் இந்தக் கேட்சருக்கு எறிய வராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாலாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸுக்கு வந்த பெண், பந்து இளமதியின் கையில் இருக்கும்போதே நாலைந்து எட்டு முன்னால் வந்து நின்றாள். இளமதி எப்போதும் போல அமிர்தத்திடம் எறிந்தாள். முழு வேகத்தில், முழங்கால் உயரத்தில் போனது. அந்தப் பெண் திரும்புவதற்குள் அமிர்தம் பந்து இருந்த கையுறையை அவள் தோளில் வைத்துவிட்டாள். அவுட். என்ன நடந்தது என்று அந்தப் பெண் நடுவரைப் பார்த்தாள். இளமதியும் அதே குழப்பத்தோடுதான் அவரைப் பார்த்தாள். அவள் பந்தைத் திருப்பித்தான் கொடுத்தாள்.

அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். மறுநாள் காலை இன்னொன்றையும் ஜெயித்தார்கள். அரையிறுதியில் தோற்று மூன்றாமிடத்துக்கு வந்தார்கள். சிரித்தவர்கள் கடைசியில் கை தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள், செகண்ட் பேஸுக்கு எறிந்ததற்கா, ஜான்சிக்கு எறியாமல் இருந்ததற்கா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. குழுப் படத்தில் அவள் முகம் யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் தேடுகிறவளைப் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்பரசு அவளைத் தனியே கூப்பிட்டான். அவன் கையில் அந்த அட்டவணையின் இன்னொரு பிரதி இருந்தது.

"ஒண்ணு சொல்லணும். இது ஒரே பிளான் இல்ல இளமதி. மூணு எடத்துலேருந்து எடுத்தேன். காலுக்கு உண்டானது கேட்சருக்குன்னு போட்டிருந்துச்சி, அது சரி. கையிக்குக் குடுத்தது பிட்சருக்கு உண்டானது. தூர எறி, வாரா வாரம் அஞ்சி மீட்டர் ஏத்தறது, அது பெரிய பசங்களுக்கு. மூணையும் சேத்தா மூணு மடங்கு வரும்னு நெனச்சேன்."

"அதனாலயா அண்ணா?"

"தெரியல. வேகமா எறியத்தான் சொல்லிக் குடுத்தேன். மெதுவா போடறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல. அதான் ரொம்ப நாளா சொல்லலாமா வாணாமான்னு..." அவன் அட்டவணையை இரண்டாக மடித்தான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். அவளுக்கு நிம்மதிதான் வந்தது, கடைசியில் ஒரு காரணம் கிடைத்ததே என்று. அட்டவணையைப் பீரோ கதவிலிருந்து கிழித்தாள். ஒரு மாதம் மணல் மூட்டையைத் தொடவில்லை, டியூபை இழுக்கவில்லை. செகண்ட் பேஸ் எறி மெதுவானது. ஜான்சிக்குப் போடுவது அப்படியேதான் இருந்தது. ஆக, அதுவும் காரணம் இல்லை. அல்லது காரணம்தான், இப்போது நிறுத்தியதால் ஒன்றும் ஆகாது. மறுபடியும் மூட்டையைத் தூக்கினாள். கால் வலுவாக இருப்பது பிடித்திருந்தது, அதற்காகவாவது செய்யலாம்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் குளமானது. பயிற்சியை ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே எறிய இடம் இல்லை. சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துப் பிடிப்பது, ஒரு காலில் நிற்பது, இடுப்பைத் திருப்பி மணல் பந்தை ஒருத்தியிடமிருந்து ஒருத்தி வாங்குவது, இவ்வளவுதான். மூன்று மாதம் அவள் யாரிடமும் எதையும் திருப்பிப் போட வேண்டியிருக்கவில்லை.

ஜனவரியில் மைதானம் காய்ந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பனி விலகாத காலையில், ஜான்சி எறிந்துகொண்டே தன் தம்பி கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் வீட்டார் வேளாங்கண்ணியில் வைக்கலாம் என்கிறார்கள், அப்பா நம்ம சர்ச்சில்தான் என்கிறார். அவளுக்கு நடுவில் நின்று மண்டை காய்கிறது.

"பொண்ணு என்னா சொல்லுது?" என்று கேட்டு இளமதி பந்தைப் போட்டாள்.

"அதுகிட்ட யாரு கேட்டா?"

"நீ கேளு."

"நான் கேட்டா தம்பி கோச்சிக்குவான்."

மூன்றாவது பேஸில் கையுறையை விரித்துக்கொண்டு நின்ற அமிர்தம் மெதுவாகக் கையை இறக்கினாள். ஜான்சி பேச்சின் நடுவில் நின்று தன் கையுறைக்குள் இருந்த பந்தைப் பார்த்தாள். அப்போதுதான் இளமதியும் பார்த்தாள்.

"எத்தினி வந்துச்சி?" என்று கேட்டாள் இளமதி.

"எண்ணலடி. ஏழு, எட்டு இருக்கும்."

ஜான்சி அடுத்ததை எறிந்தாள். இளமதி வாங்கி, எழுந்து, கையைத் தூக்கினாள். முழங்கை, கட்டை விரல், இடது கால் எல்லாம் ஓடி வந்து நின்றன. பந்து ஜான்சிக்கு நாலடி முன்னால் புழுதியில் குத்தியது.

இப்போதும் அவள்தான் கடலூர் மாவட்ட அணியின் கேட்சர். சில ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து ஜான்சியிடம் போய்ச் சேர்கிறது, சில நாள் இல்லை. கல்யாணப் பேச்சைப் பேசிப் பார்த்தார்கள், பேசாமலும் இருந்து பார்த்தார்கள். எது எப்போது என்று ஒரு கணக்கும் பிடிபடவில்லை. ஆட்டம் என்று வந்தால் பந்து அமிர்தம் வழியாகத்தான். மற்ற மாவட்டத்துக்காரர்கள் அதை ஏதோ தந்திரம் என்று நினைத்து, அவர்களுடைய கேட்சரையும் அப்படி எறியச் சொல்லிப் பார்ப்பதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பையோடு சிதம்பரத்தில் இறங்கும்போது மினிபஸ் நின்றுகொண்டிருக்கும். தேவநாதன் சீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பான்.

"இன்னிக்கி எப்டி?"

"பாதி வந்துச்சி மாமா."

"எந்தப் பாதி?"

"அதான் தெரியல," என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் பையை வைத்து ஏறி உட்காருவாள். அவன் வண்டியைக் கிளப்புவான்.